வகுப்பறைத் தளம் பெயர்ந்து விழுகிறது: யாரிடம் கேட்பது, எந்த நிதியில் சரிசெய்வது?

கிருஷ்ணகிரி மாவட்டம், சூளகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டோம். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மொத்தம் 112 பிள்ளைகள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. 1990-களில் கட்டிய இரண்டு வகுப்பறைக் கட்டடத்தில், போன மழையில் தளத்தின் அடியிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து பெஞ்சு மேல் விழுந்தது. அப்போது மதிய இடைவேளை, யாருக்கும் அடி இல்லை. ஒரு அறையைப் பூட்டிவிட்டோம். இரண்டு வகுப்புகள் வராந்தாவில் நடக்கின்றன. ஊராட்சி செயலர், 'நிதி இல்லை, இது கல்வித்துறை கட்டடம்' என்கிறார். கல்வி அலுவலகத்தில், 'பி.டி.ஓ.வை (வட்டார வளர்ச்சி அலுவலரை) பாருங்கள்' என்கிறார்கள். வீட்டு வரி கட்டுகிறோமே, அதில் பள்ளிக்குப் பங்கு இல்லையா? வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூல் செய்தால் 1.20 லட்சம் தேறும். உள்ளூர் மேஸ்திரி, பூச்சு வேலையும் பெயின்ட்டும் சேர்த்து 1.10 லட்சத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். பிறகு அரசிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? கல்குவாரி வைத்திருக்கும் ஒருவர், தன் பெயர் போட்டால் 3 லட்சம் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எதுவும் நடக்காவிட்டால் ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? புகார் கொடுத்தால் எங்கள் தலைமையாசிரியருக்குச் சிக்கல் வருமா?"

சகோதரி, அறையைப் பூட்டியது சரியான முடிவு. ஆனால் கயிறு கட்டிப் பூட்டுப் போட்டால் மட்டும் போதாது. இந்த வயதுக் கட்டடங்களில் தளத்துக்கு முன்னால் ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு விழுவது சகஜம். அந்தச் சுவரை ஒட்டி வெளியிலும் இரண்டு மீட்டருக்குத் தடுப்பு வையுங்கள். அதே கட்டடத்தின் வராந்தாவில்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்றால் நாளைக்கே மாற்றுங்கள். கிராம சேவை மையமோ சமுதாயக் கூடமோ பக்கத்தில் இருந்தால், வட்டாரக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வகுப்பை அங்கே நடத்தலாம்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இது யாருடைய கட்டடம்?

உங்களை அலைக்கழித்த இரண்டு அலுவலகங்களும் பாதி உண்மைதான் சொல்லியிருக்கின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களும் பாடமும் பள்ளிக் கல்வித்துறையின் பொறுப்பு. கட்டடமும் அதன் பராமரிப்பும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதாவது ஊரக வளர்ச்சித் துறை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறைக்குப் போகவேண்டியிருக்கும். உங்களுடையது அந்த வகை இல்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. இருவர். கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர் பி.டி.ஓ. (கி.ஊ.). ஒன்றியத்தின் சொந்த நிதியையும் சொத்துகளையும் பார்ப்பவர் பி.டி.ஓ. (வ.ஊ.). உங்கள் மனு வட்டார ஊராட்சி பி.டி.ஓ.வுக்குப் போகவேண்டும். பொதுவாக 'பி.டி.ஓ. அவர்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அது தப்பான மேஜையில் ஒரு மாதம் தூங்கும்.

வீட்டு வரி பற்றி. நகராட்சி, மாநகராட்சியில் சொத்து வரியோடு கல்வி வரி என்று ஒரு பகுதி உண்டு. ஓசூரில் வீடு வைத்திருப்பவர் ரசீதில் அதைப் பார்த்திருப்பார். நம் கிராம ஊராட்சி வீட்டு வரியில் அப்படி ஒரு பகுதி இல்லை. வரியோடு நூலக வரி மட்டும் சேரும். மீதி ஊராட்சிப் பொது நிதிக்குப் போய், தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு என்று செலவாகிவிடும். ஆகவே வீட்டு வரியைக் காட்டி வாதாடுவதில் பலன் இல்லை. உங்களிடம் அதைவிட வலுவான பிடி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 9, பள்ளிக் கட்டடம் உள்ளிட்ட வசதிகளைத் தருவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. பிரிவு 8 அதே கடமையை அரசின் மீதும் வைக்கிறது. பிரிவு 22-படி நீங்கள் தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசோ உள்ளாட்சியோ தரும் மானியத்துக்கு அடிப்படை. பல குழுக்கள் இந்தத் திட்டத்தை ஏதோ படிவம் என்று நினைத்துத் தலைமையாசிரியர் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகின்றன. உங்கள் திட்டத்தில் இந்தக் கட்டடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழுதுபார்ப்பா, இடிப்பா?

பணப் பேச்சுக்கு முன்னால் முடிவாக வேண்டியது இதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மேஸ்திரிக்கும் அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை, பி.டி.ஓ.வுக்கும் இல்லை. ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதவேண்டும்.

அடியில் கான்கிரீட் பெயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். மேலே போட்ட செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளம் வெடித்து, தட்டோட்டின் இணைப்புகள் வழியாக ஈரம் இறங்கும். கைப்பிடிச் சுவரின் மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் வேறு வழியைத் திறந்துவிடும். ஈரம் கம்பியைத் தொட்டதும் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அது கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். கம்பிக்கு அடியில் 15 முதல் 20 மி.மீ. வரை கான்கிரீட் இருந்தால் தாக்குப்பிடிக்கும். கம்பிக்குக் கீழ் கவர் பிளாக் வைக்காமல் பலகை மேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் போட்ட பழைய கட்டடங்களில் 10 மி.மீ.கூடத் தேறாது. உங்கள் அறையில் பெயர்ந்த இடத்தில் கம்பி வரிவரியாகத் தெரிகிறதா, பெயராத இடத்திலும் அதே இடைவெளியில் பழுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்று வாசலில் நின்றபடியே பாருங்கள். கோடுகள் அறை முழுக்க ஓடினால் விழுந்த துண்டு தொடக்கம்தான்.

இப்போது மேஸ்திரி விஷயம். துருவின் மேல் சிமென்ட் பூசினால் துரு நிற்காது. அடுத்த ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து பெரிய துண்டாக விழும். அதைவிட மோசம், பெயின்ட் அடித்த தளத்தைப் பார்க்கும் பொறியாளருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அவர் 'சிறு பழுது' என்று எழுதிவிட்டால் இடிக்கவேண்டிய கட்டடத்தில் பிள்ளைகள் இன்னும் பத்து வருடம் உட்காருவார்கள். முறையான பழுதுபார்ப்பில் தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுக்கவேண்டும். கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுக்கவேண்டும். கம்பி மெலிந்துவிட்டிருந்தால் புதுக் கம்பி சேர்க்கவேண்டும். பிறகு பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக ஏற்றி நீராற்றவேண்டும். கடைசியாக மேல்தளத்தைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, புதிதாகத் தட்டோடு பதிக்கவேண்டும். மேலே வேலை செய்யாமல் கீழே மட்டும் செய்யும் எந்த எஸ்டிமேட்டும் பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். எஸ்டிமேட் வரும்போது இந்த வரிகள் இருக்கின்றனவா என்று குழுவில் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

உத்திரங்களிலும் விரிசல் ஓடினால், அல்லது தளத்தின் பெரும்பகுதியில் கம்பி துருப்பிடித்திருந்தால், பொறியாளர் இடிக்கப் பரிந்துரைப்பார். ஆட்சியரின் உத்தரவு பெற்று, பழைய பொருளுக்கு மதிப்புப் போட்டு, ஏலம் விட்டுத்தான் இடிப்பார்கள். ஏலப் பணம் ஒன்றியக் கணக்குக்குப் போகும். ஏலத்துக்கு முன்னால் கதவு, ஜன்னல், கம்பி எதையும் யாரும் எடுத்துப்போக விடாதீர்கள். நல்ல எண்ணத்தில் கோயில் வேலைக்குக் கொடுத்த ஒரு ஜன்னலால் தணிக்கைத் தடை விழும், பதில் சொல்லவேண்டியவர் தலைமையாசிரியர்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின், பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க நடந்தது. அப்போது உங்கள் கட்டடம் பட்டியலில் விழாமல் போனதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கலாம். ஆண்டுதோறும் பள்ளி விவரங்களை ஏற்றும் யுடைஸ் படிவத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் வகுப்பறைகளை நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துக் கொடுக்கிறது. போன வருட விவரத்தை அப்படியே நகல் எடுத்து ஏற்றிவிட்டால் இடியும் அறையும் 'நல்ல நிலை'யில்தான் இருக்கும். மேலே பட்டியல் போடுபவர்கள் உங்கள் ஊருக்கு வந்து பார்த்துப் போடுவதில்லை. தலைமையாசிரியரிடம் இந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் பத்து நாளில் செய்யவேண்டியது

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். கட்டடம் கட்டிய ஆண்டு, அறையின் நீள அகலம், துண்டு விழுந்த தேதி, இப்போது எந்த வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். 'கட்டடம் மோசமாக உள்ளது' என்ற வாசகம் எதற்கும் உதவாது. தீர்மானத்தைக் கல்வித்துறையின் பெற்றோர் செயலியிலும் ஏற்றுங்கள். முழு அறை, பெயர்ந்த இடம், மேல்தளம் என்று மூன்று படங்கள் போதும். பெயர்ந்த இடத்தின் படத்தை வாசலில் நின்றே எடுங்கள், உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டாம். மேல்தளப் படத்தைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து எடுங்கள். பழைய தளத்தின் மேல் ஆள் ஏற்றாதீர்கள்.

தலைமையாசிரியரின் முகப்புக் கடிதத்தோடு ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று பி.டி.ஓ. (வ.ஊ.)-வுக்கு. இரண்டிலும் ஒப்புகை வாங்குங்கள். திங்கள்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு நகல் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அந்த எண்தான் பிறகு உங்களுக்கு ஆயுதம். அடுத்து வரும் கிராம சபையிலும் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு காகிதத்தை இப்போதே தேடி வையுங்கள்: பள்ளி நிற்கும் நிலத்தின் ஆவணம். நம் பக்கம் எத்தனையோ பள்ளி இடங்கள், அந்தக் காலத்தில் யாரோ ஒரு கவுண்டரோ ரெட்டியாரோ வாய்ச்சொல்லில் விட்டுக்கொடுத்தவை. பட்டா இன்னும் அவர் பேரன் பெயரில் இருக்கும். புதுக் கட்டடத்துக்கு நிதி வந்தபின் இது தெரிந்தால் ஒதுக்கீடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு நகலும் புலப்படமும் கேட்டு வாங்குங்கள்.

பணம் எங்கே இருக்கிறது

'நிதி இல்லை' என்று செயலர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் விடுவிக்கப்படுவதில்லை என்பது நிபந்தனை. வந்த காலத்திலும் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 சதவீதம்தான் பள்ளிக்கும் செலவழிக்கக்கூடிய கையிருப்பு. ஆனால் உங்கள் கட்டடத்துக்கு ஊராட்சிக் கணக்கை நம்பவேண்டியதே இல்லை.

பள்ளிக்கு நேரடியாக வரும் கூட்டு மானியம் 112 பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மின்விசிறி, குழாய், கரும்பலகை, உடைந்த கதவு, இவற்றுக்கான பணம் அது. தளத்தில் அதைத் தொடாதீர்கள். இந்த மானியம் சமக்ர சிக்ஷா திட்டத்திலிருந்து வருகிறது; மத்திய அரசு 2024-25-ல் தமிழ்நாட்டுக்கான அந்தத் திட்ட நிதியை நிறுத்திவைத்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிப் பெரிய திட்டம் போட முடியாது.

பெரிய பழுதுக்கும் புதுக் கட்டடத்துக்கும் உரிய வழி, ஊரக வளர்ச்சித் துறை நடத்தும் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். 2022-ல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் (5 ஆண்டுகளில் 7,000 கோடி, 18,000 வகுப்பறைகள் என்பது அறிவிப்பு) ஒன்றியப் பள்ளிகளை உள்ளடக்கியதுதான். இரண்டிலும் பெயர் சேர்வது பி.டி.ஓ. அனுப்பும் பட்டியல் வழியாக. பொறியாளரின் அறிக்கை இல்லாத பள்ளி அந்தப் பட்டியலில் ஏறாது.

இதற்கு அடுத்து சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி. சுற்றுச்சுவர், கழிப்பறை, ஒரு வகுப்பறை போன்றவற்றுக்கு வேகமாக வரும் நிதி இதுதான். எம்.எல்.ஏ.விடம் வெறும் மனுவாகக் கொடுக்காமல் எஸ்டிமேட் நகலோடு கொடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வழி இருக்கிறது, பலர் கேட்பதில்லை: மாவட்ட கனிம அறக்கட்டளை. கிரானைட் குவாரிகளிலிருந்து வரும் பணம். ஆட்சியர் தலைமையில் இயங்குகிறது. குவாரியால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் செலவழிக்க வேண்டும், முன்னுரிமைத் துறைகளில் கல்வியும் ஒன்று. உங்கள் ஊரைச் சுற்றிக் குவாரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவில் எந்தக் குவாரி, எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு வரி சேர்த்து, இந்த நிதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குவாரிக்காரரின் 3 லட்சமும் உங்கள் வசூலும்

வாங்கலாம். ரொக்கமாக வேண்டாம், அவருடைய ஆளே வந்து கட்டுவதும் வேண்டாம். ஒன்றியத்தின் சொத்தில் ஒன்றியத்தின் அனுமதியும் பொறியாளர் மேற்பார்வையும் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் போடலாம். பள்ளிக்கே அவர் பெயர் என்று பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கொடுப்பது ஒரு முறை.

என் கருத்தில் இதைவிட லாபமானது 'நமக்கு நாமே' திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். அவர் தரும் 3 லட்சத்தைப் பங்களிப்பாகக் கட்டினால் 9 லட்சத்துக்கு வேலை எடுக்கலாம். உங்கள் 1.20 லட்சமும் சேர்ந்தால் 12.60 லட்சம். அதே பணத்தை மேஸ்திரியிடம் கொடுத்தால் வெறும் 4.20 லட்சம். டிராஃப்ட் யார் பெயரில் எடுப்பது என்பதை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள். நிர்வாக அனுமதி கிடைக்கும் நிலை தெரியாமல் பணத்தைக் கட்டி முடக்காதீர்கள்.

வசூலில் ஒரு எச்சரிக்கை. எட்டாம் வகுப்பு வரை கட்டாய வசூல் சட்டப்படி கூடாது. 'வீட்டுக்கு ஆயிரம்' என்று கணக்குப் போட்டதுமே அது கட்டாயமாகிவிடும், கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் பேச்சு விழும். விரும்பியவர் விரும்பியதைக் குழுவின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்கட்டும். செலவழித்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒர்க் ஆர்டர், எம்.புக் (வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகம்) பதிவு என்ற வரிசையில் வராத எந்த வேலைக்கும் பில் போட வழியில்லை.

வழக்கு

போகலாம், ஆனால் இப்போது இல்லை. நம் மாவட்டத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம். நீங்கள் முதலில் மனு கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது என்றுதான் அங்கே கேட்பார்கள். பெரும்பாலும், மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவேண்டும் என்றுதான் உத்தரவு வரும். அந்த உத்தரவை வாங்க ஆகும் செலவில் இங்கேயே நிறையச் செய்யலாம். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32-ன் கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. இடையில் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, இந்தக் கட்டடத்தைப் பொறியாளர் கடைசியாக ஆய்வு செய்த தேதியும் அறிக்கை நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். மனு வந்ததும் ஆய்வுக்கு ஆள் வருவது பல இடங்களில் நடக்கிறது. இவையெல்லாம் முடிந்தும் அசையாவிட்டால் அந்தக் கோப்போடு வழக்குப் போடுங்கள். பாதுகாப்பான பள்ளிக் கட்டடமும் கல்வி உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே, கும்பகோணம் தீ விபத்தையொட்டி வந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் சொல்லியிருக்கிறது.

தலைமையாசிரியரைப் பற்றிய கவலை நியாயமானது. புகார் கொடுப்பதால் அவருக்குச் சிக்கல் வராது. ஆபத்து தெரிந்தும் எழுதாமல் இருந்தால்தான் வரும். அசம்பாவிதம் நடந்தபின் விசாரணையில் முதலில் கேட்பது, மேலிடத்துக்கு எப்போது எழுதினீர்கள் என்பதுதான். குழுத் தீர்மானமும் ஒப்புகை வாங்கிய அவருடைய கடிதமும் அவருக்குக் காப்பு. தீர்மானத்தின் கீழ் அவர் பெயரை 'புகார்தாரர்' என்று போடாமல் குழுவின் பெயரில் அனுப்பினால் அவருக்குத் தயக்கமும் இருக்காது. அறையைப் பூட்டிய தேதியைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.